தேக்கு நாற்காலியைக் கண்டம் செய்யும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசுப் பள்ளி, தாலுகா அலுவலகம், நூலகம், நீதிமன்றம் என்று எங்கே போனாலும் பின்பக்கம் ஓர் அறையில் பழைய நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கிடக்கின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றைக் கண்டம் செய்து, அதாவது இனிப் பயன்படாது என்று கழித்து, துருப்பிடித்த பீரோவோடும் ஓடாத மின்விசிறியோடும் சேர்த்து ஒரே லாட்டாக ஏலம் விடுகிறார்கள். அந்தக் குவியலில் கிடப்பவற்றில் பெரும்பாலானவை தேக்கு; சில ஈட்டி மரம். பிரம்பு அறுந்தது, ஒரு பொருத்து ஆடுகிறது, மெருகு போய்விட்டது. இந்த மூன்றில் ஒன்றோ மூன்றுமோதான் குறை. மரம் அப்படியே இருக்கிறது. அதை விறகு விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெயில் பட்டால் நொறுங்கும் பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிப் போடுகிறோம். ஏலத்துக்கு முன் ஒரு தச்சரையும் ஒரு பிரம்புக்காரரையும் அழைத்துக் காட்ட வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

இந்தத் தவறு எவ்வளவு பெரிதாகும் என்பதற்குச் சண்டிகர் சாட்சி. 1950களில் அந்த நகரம் எழும்பியபோது, அதைத் திட்டமிட்ட கட்டிடக் கலைஞர் லெ கொர்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரரான பியர் ஜான்னரே அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலிகளை வடிவமைத்தார். பிரம்பு தொய்ந்ததும் அவை மொட்டை மாடியிலும் கிடங்கிலும் குவிக்கப்பட்டு, பழைய சாமான் விலைக்கு ஏலம் போயின. வாங்கியவர்கள் பொருத்தை இறுக்கி, பிரம்பை மாற்றி, பாரிஸ், லண்டன், நியூயார்க் ஏலக்கூடங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குள் ஏராளமானவை வெளியேறிவிட்டன. நம் ஊர் நாற்காலிகளுக்கு அந்தப் பெயரும் விலையும் கிடையாது. ஆனால் மரமும் பின்னலும் பொருத்தும் அதே வகைதான்.

எதைச் சீர்செய்யலாம், எதை விடலாம் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். நாற்காலியைச் சமதரையில் வைத்து, முதுகின் மேல்கட்டையைப் பிடித்து மூலைவாக்கில் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் பெரும்பாலும் பின்காலும் இருக்கைச் சட்டமும் சேரும் இடத்தில்தான் இருக்கும். சாய்ந்து உட்காருபவரின் பாரம் முழுவதும் அங்கேதான் இறங்குகிறது. பிறகு கவிழ்த்து, கால்களின் அடியையும் சட்டத்தின் உள்பக்கத்தையும் ஆணியால் குத்திப் பாருங்கள். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுக்கட்டையை, பூச்சி எளிதில் தொடாது. வெளுப்பாக இருக்கும் வெள்ளைக்கட்டைப் பகுதியை அரித்துவிடும். மாவு கொட்டினால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம். உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது ஒன்று உண்டு. பிரம்புக்காக வரிசையாகப் போட்ட துளைகளின் வழியே சட்டம் நீளவாக்கில் பிளந்திருப்பது. தபால்தலையின் ஓரத்துளை போல அந்த வரிசை மரத்தைக் கிழிய விட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் பிளந்திருந்தால் புதுக் கட்டை போட்டுத் துளையிடலாம். நான்கு பக்கமும் பிளந்தால் அந்த நாற்காலியை மற்றவற்றுக்கு உதிரிமரமாக வைத்துக்கொள்வதே நல்லது. அதையும் ஏலத்தில் விட வேண்டியதில்லை.

வேலையின் வரிசை முக்கியம்: முதலில் பொருத்து, பிறகு மெருகு, கடைசியில் பிரம்பு அல்லது மெத்தை. ஆடும் நாற்காலியில் புதுப் பிரம்பு பின்னினால், இழுவை ஏற ஏறச் சட்டம் கோணும். பின்னி முடித்தபின் பாலிஷ் போட்டால் பிரம்பெல்லாம் கறை.

பொருத்தில் நடக்கும் அநியாயம் ஆணி. ஆடுகிற கழுந்தின் (துளைக்குள் நுழையும் கட்டை முனையின்) குறுக்கே மூன்று அங்குல ஆணியை அறைந்துவிட்டு, மூலைக்கு மூலை இரும்புத் தகடு வைத்துத் திருகிவிடுகிறார்கள். ஒரு மாதம் ஆடாது. மரம் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். இரும்பு அதோடு போகாது. ஆணி தன் துளையைத் தானே பெரிதாக்கி, கழுந்தை உள்ளேயே பிளந்துவிடும். கடலோர ஊர்களில் துரு வேறு. எங்களிடம் வரும் நாற்காலிகளில் பழுதை நீக்கும் நேரத்தைவிட, முன்பு ‘பழுது பார்த்ததை’ நீக்கும் நேரமே அதிகம்.

சரியான முறை, ஆடும் பொருத்தை முழுதாகக் கழற்றுவதுதான். பழைய நாற்காலிகள் வச்சிரப் பசையால், அதாவது விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசையால், ஒட்டியவை. அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். பொருத்தின் இடுக்கில் வெந்நீரும் கொஞ்சம் வினிகரும் கலந்து ஊசியால் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, துணி சுற்றிய கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் கழன்று வரும். மூங்கில் ஆணி குறுக்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் துளைத்து எடுத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். கழற்றும் முன் ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய தாளை ஒட்டுவது நல்லது. நான்கு நாற்காலியை ஒன்றாகப் பிரித்தால் ஒன்றின் கட்டை இன்னொன்றுக்குப் பொருந்தாது. கையால் செய்தவை அவை.

பழைய பசையைக் கழுந்திலும் துளையிலும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். இன்றைய வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும்; பழைய பசையின் மேல் போட்டால் வெறும் தோலாக நிற்கும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கழுந்து இளைத்துப்போயிருந்தால் பசையையும் மரத்தூளையும் குழைத்து அடைக்காதீர்கள், அதற்குப் பலமில்லை. தேக்குச் சீவல் ஒன்றை நாரோட்டம் பார்த்துக் கழுந்தின் கன்னத்தில் ஒட்டி, கைக்குச் சற்று இறுக்கமாக நுழையும் அளவுக்கு உளியால் சீவுங்கள். சேர்த்துக் கிளாம்ப் போட்டதும் இருக்கைச் சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து, இடதும் வலதும் சமமா என்று பார்க்க வேண்டும். நான்கு காலும் தரையில் படிகிறதா என்பதையும் பசை காயும் முன்பே பார்க்க வேண்டும். பிறகு ஒரு முழுநாள் கை வைக்காமல் விட வேண்டும்.

மெருகுக்கு வருவோம். பழைய மெருகு என்னவென்று தெரியாமல் எதையும் தடவாதீர்கள். யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. சுரண்டவே வேண்டாம், அதே அரக்கைக் கொண்டு புதுப்பிக்கலாம். பிசுபிசுக்காவிட்டால் மெலமைன் அல்லது வேறு பூச்சு. உரித்துத்தான் ஆக வேண்டும். உரிப்பதற்குக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. வேகமான வழிதான். ஆனால் தேக்கு கறுத்துவிடும், பொருத்துப் பசை கரைந்துவிடும், மரநார் பஞ்சாக எழும்பும். தயவுசெய்து அந்தப் பட்டறைப் பக்கம் போகாதீர்கள். பெயிண்ட் அடித்த பழைய நாற்காலியாக இருந்தால் உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 இறுதியில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொண்டு, நனைத்துச் சுரண்டி, தூளைத் தனியே கட்டி அகற்ற வேண்டும். பள்ளிச் சாமான்களில் இது குழந்தைகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

அரக்கு மெருகுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அவலரக்கு (அவல்போல் செதில் செதிலாக இருக்கும் அரக்கு) போதும். ஓர் இரவு ஊறவிட்டு, இடையிடையே குலுக்கி, காடாத் துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பாவில் வைத்தால் கறுக்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டும். கரைத்து ஆறு மாதம் தாண்டியதைப் போட்டால் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொதிந்து, அரக்கில் தொட்டு, நிற்காமல் இழுக்க வேண்டும். நின்ற இடத்தில் அடியில் உள்ள பூச்சு கிளம்பிவரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை எடுக்காதீர்கள். காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் மாட்டிப் பால்போல் வெளுக்கும். பொதிக்கு ஆளிவிதை எண்ணெய் தொட்டிருந்தால், அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருண்ட எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். பட்டறைகள் இப்படி எரிந்திருக்கின்றன.

இனிப் பிரம்பு. கொடியாக வளரும் ஒரு வகைப் பனையின் வெளித்தோலைச் சீவி எடுத்ததே நாற்காலிக்கான நார். பளபளப்பான பக்கம்தான் மேலே வர வேண்டும். எந்த அகலம் என்பதைத் துளைகளின் இடைவெளி முடிவு செய்யும். துளை மையத்திலிருந்து அடுத்த துளை மையம்வரை அரை அங்குலம் என்றால் ஏறக்குறைய இரண்டேகால் மி.மீ. நார், ஐந்தெட்டு அங்குலம் என்றால் இரண்டரை மி.மீ.; முக்கால் அங்குலம் என்றால் மூன்று மி.மீ. பலம் வேண்டுமென்று இதைவிடத் தடித்த நாரை எடுத்தால், மூலைவாட்டு இழைகள் நுழைய இடமில்லாமல் பின்னல் மேடு தட்டி, உராய்ந்து, சீக்கிரமே அறும். நடுத்தர இருக்கை ஒன்றுக்கு 250 முதல் 300 அடி நார் பிடிக்கும்.

நாரை வெதுவெதுப்பான நீரில் பதினைந்து, இருபது நிமிடம் ஊறவைத்தால் போதும். மணிக்கணக்கில் போட்டால் நிறம் மங்கி, ஓரம் பிசிறடிக்கும். ஒவ்வொன்றாக நனைத்து எடுப்பதே முறை. பழைய துளைகளில் மிச்சமிருக்கும் துணுக்குகளை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு, துளையின் உள்விளிம்பை உருட்டையாகச் சுருட்டிய உப்புத்தாளால் மழுக்குங்கள். கூரான விளிம்புதான் நாரை முதலில் அறுக்கிறது.

பின்னல் ஆறு நடை (நாரை ஒரு திசையில் இருக்கை முழுவதும் ஒருமுறை ஓட்டுவது ஒரு நடை), பிறகு ஓரத்துளைகளை மூடும் கரைக்கட்டு. முதல் நடை பின்சட்டத்தின் நடுத்துளையிலிருந்து முன்சட்டத்தின் நடுத்துளைக்கு. அங்கிருந்து இரண்டு பக்கமும் விரியும். இரண்டாம் நடை பக்கவாட்டில், முதல் நடையின் மேல் சும்மா கிடக்கும். மூன்றாம் நடை மறுபடி பின்னிருந்து முன்னுக்கு, அதே துளைகளில், முதல் இழைக்குச் சற்று வலப்புறம் ஒதுங்கி. இதுவரை பின்னலே இல்லை, அடுக்குதான். நான்காம் நடையில்தான் நெய்தல் தொடங்குகிறது: மூன்றாம் நடையின் மேலும் முதல் நடையின் கீழுமாகப் பக்கவாட்டு இழை போகும். அது முடிந்ததும் நனைத்துவிட்டு, இரண்டு ஆணிகளால் இழைகளை இணை இணையாக ஒதுக்கிச் சதுரமாக்க வேண்டும். இந்தச் சதுரம் சரியாக அமையாவிட்டால் பிறகு வருவது எதுவும் அமையாது. ஐந்தாவதும் ஆறாவதும் மூலைவாட்டு. ஒன்று நெட்டிழைகளின் மேலும் குறுக்கிழைகளின் கீழும் போக, மற்றது அதற்கு நேரெதிராகப் போக வேண்டும். சரியான பக்கம் போனால் மூலைவாட்டு இழை சதுரத்தின் மூலைக்குள் வழுக்கி உட்கார்ந்துவிடும். மாறிப் போனால் கடித்துக்கொண்டு நிற்கும். இழுத்தால் ‘கிறீச்’ என்று ஒலிக்கும். அந்த ஒலி கேட்டால் உடனே பிரித்துவிடுங்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் அந்த இருக்கை நீடிக்காது.

பழகாதவர்கள் தடுமாறும் இடம் இன்னொன்று. நம் நாற்காலிகளின் இருக்கை முன்னே அகலம், பின்னே குறுகல். முன்சட்டத்தில் 20 துளை, பின்சட்டத்தில் 16 இருக்கும். மிஞ்சும் நான்கையும் பின்மூலையில் திணித்தால் இழைகள் விசிறிபோல் விரிந்து, ஓரத்துக் கட்டங்கள் கோணலாகும். அவற்றைப் பக்கச் சட்டத்தில், நடு இழைக்கு இணையாக வரும் துளையில்தான் முடிக்க வேண்டும். முதல் மூன்று நடையை முறுக்கி இழுக்கவும் கூடாது. விரலால் அழுத்தினால் கொஞ்சம் தாழ வேண்டும். பின்வரும் நடைகளும், காய்ந்து சுருங்குவதும் சேர்ந்து அதைத் தாமே இறுக்கிவிடும். முதலிலேயே இறுக்கினால் முன்சட்டம் உள்வளையும்.

இந்த வேலையில் பார்வையற்றோரின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுக்கான தொழிற்பயிற்சிகளில் நாற்காலி பின்னுதல் நெடுங்காலம் இருந்தது. அரசுத் துறைகளில் அவர்கள் பலர் இதே பணியில் இருந்தார்கள். துளையை எண்ணுவதும் இழுவையை உணர்வதும் விரலின் வேலை. பிளாஸ்டிக் நாற்காலி வந்தபின் அலுவலகங்கள் பிரம்பை விட்டன, வேலையும் போயிற்று. ஒரு மாவட்டத்தின் பழைய நாற்காலிகளைச் சீர்செய்ய முடிவெடுத்தால் பல கைகளுக்கு மறுபடி வேலை வரும்.

பிரம்புக்குப் பதில் பிளாஸ்டிக் வயர் பின்னுவது எங்கும் பரவிவிட்டது. மலிவு, நனைந்தாலும் கெடாது. தோட்டத்து இரும்பு நாற்காலிக்கு அது பொருத்தமே. துளையிட்ட தேக்குச் சட்டத்துக்கு அல்ல. வயர் நாளாக ஆக நீளும், நீண்டது மீளாது. தொய்ந்ததும் பின்னுபவர் இன்னும் இறுக்கி இழுப்பார், பிளப்பது சட்டம். பிரம்பு தொய்ந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து ஓர் இரவு விட்டால் பலகைபோல் விறைத்துவிடும். மேல்பக்கம் பளபளப்பான தோல், நீரை உறிஞ்சாது. அதனால்தான் அடியில் நனைக்கிறோம். அதனால்தான் அடியில் வார்னிஷ் பூசவே கூடாது.

சில நாற்காலிகளில் துளைக்குப் பதில் சட்டத்தின் மேல் சுற்றிலும் காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், இருக்கும். அதற்கு இயந்திரத்தில் நெய்த பிரம்பு ஷீட்டே சரி. காடியைவிடச் சுற்றிலும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி, அரை மணிக்கு மேல் ஊறவைத்து, மர ஆப்பால் காடிக்குள் அழுத்தி, பசை விட்டு, மேலே பிரம்புத் தண்டை அடித்து இறக்க வேண்டும். இரண்டு மணி நேர வேலை. காடியே இல்லாத சட்டத்தில் ஷீட்டை ஸ்டேப்ளர் அடித்து மேலே பட்டி வைத்து மறைப்பது மட்டும் வேண்டாம்.

மெத்தை இருக்கையில் இரண்டே விஷயம் சொல்கிறோம். ஃபோமின் தடிமனைப் பார்க்காமல் அடர்த்தியைக் கேளுங்கள்: அலுவலக இருக்கைக்குக் கனமீட்டருக்கு 40 கிலோ, முதுகுக்கு 32 போதும். 18, 20 என்பதெல்லாம் சில மாதங்களில் அப்பளமாகும். அதன்மேல் ரெக்சினைச் சுற்றிலும் மூடி, அடியில் காற்றுப்போக வழியில்லாமல் செய்தால் நம் வெப்பத்தில் உள்ளே வியர்த்து ஃபோம் மக்கும். அடிப்பலகையில் ஓர் அங்குலத் துளை நான்கைந்து போட்டு, அடியைக் காடாத் துணியால் மட்டும் மூடுங்கள். மற்றது, கழற்றி மாட்டும் இருக்கைகளில் பழைய துணியை எடுக்காமல் அதன்மேலேயே புதுத்துணி அடிப்பது. இரண்டு மூன்று அடுக்கு சேர்ந்ததும் அந்த இருக்கை சட்டத்துக்குள் ஆப்பாக இறங்கி, ஒட்டிய பொருத்தையெல்லாம் திறந்துவிடும். துணி போர்த்தியபின் சட்டத்துக்கும் இருக்கைக்கும் இடையே சுற்றிலும் இரண்டு மி.மீ. இருக்க வேண்டும். 54 அங்குலத் துணி இரண்டு மீட்டர் இருந்தால் 18 அங்குல இருக்கை ஆறுக்குப் போதும். தென்னைநார் மெத்தையாக இருந்து நார் உதிராமல் இருந்தால், உதறி, வெயிலில் காயவைத்து, கோணியோடு தைத்து மறுபடி போடுங்கள். ஃபோமைவிட நெடுநாள் உழைக்கும்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நாற்காலிக்கு இவ்வளவு’ என்று பேசுவதில்தான் வேலை கெடுகிறது. மேலே சொன்ன இருக்கைக்கு முன்னே 20, பின்னே 16, பக்கத்துக்கு 18 என 72 துளை. இன்னொன்று 100 துளை இருக்கும். நாரும் நேரமும் அதற்கேற்பக் கூடும். துளைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் இருவருக்கும் நியாயம். தேர்ந்த கைக்கும் துளையிட்ட இருக்கை ஒன்றை முடிக்க முழுதாக ஒன்றரை நாள் ஆகும். அதை அரை நாள் கூலிக்குப் பேசினால், நான்காம் நடையோடு நிறுத்தி மூலைவாட்டே இல்லாத பின்னலைக் கொடுப்பார்கள். அது ஓர் ஆண்டு தாங்காது. பொருத்து வேலையையும் அப்படியே, கழற்றி ஒட்டும் பொருத்தின் எண்ணிக்கையில் பேசுவது நல்லது.

ஆகவே துறைத் தலைவர்களிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்பது இதுதான். கண்டப் பட்டியலில் மரநாற்காலியைச் சேர்க்கும் முன், பொருத்து, சட்டம், இருக்கை மூன்றையும் தனித்தனியே பார்த்துக் குறிப்பெழுதச் சொல்லுங்கள். சீரமைப்பு ஒப்பந்தத்தில் ஆணியும் இரும்புத் தகடும் கூடாது, காஸ்டிக் சோடா கூடாது, துளைச் சட்டத்துக்கு ஆறு நடைப் பிரம்பு என்று எழுதுங்கள். மிகக் குறைந்த தொகை கேட்டவருக்கே மொத்தமும் கொடுக்காமல், முதலில் ஒரே ஒரு நாற்காலியை மாதிரியாகச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பிரம்பு மூடும் முன் பொருத்தையும், பின்னி முடித்தபின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சட்டத்தின் உள்பக்கம் துறையின் எழுத்தும் எண்ணும் பொறித்திருந்தால் அந்த இடத்தில் உப்புத்தாள் படக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய மரச்சாமான் சீரமைப்புத் தொழிலாளர்கள்,
காரைக்குடி.